கூரையை உயர்த்தச் சொன்னவர்கள்

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, கம்பு விளையும் மலையடிவாரத்தில் ஓர் ஊர் இருந்தது. ஊர் நடுவே ஒரு பேச்சுக்கொட்டகை. எட்டுக் கல்தூண்கள், அவற்றின்மேல் ஆள் உயரத்துக்கு அடுக்கிய கம்பந்தட்டைக் கூரை. கூரை என்னவோ கம்பீரம்தான். ஆனால் தரைக்கும் அதற்கும் நடுவே மார்பளவுதான் இடம்.

யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். போனால் உட்காரத்தான் முடியும். பெண்கள் கிணற்றடியில் பேசி முடித்து ஒருத்தியை அனுப்புவார்கள். அவளும் குனிந்து வந்து, எல்லோருக்கும் சமமாகக் கால்மடக்கி உட்கார்ந்துதான் சொல்லுவாள். எல்லோரும் சரி என்று சொல்லும்வரை எதுவும் முடிவாகாது. கோபத்தில் எவனாவது விருட்டென்று எழுந்தால் கூரையே அவன் தலையில் ஒரு குட்டு வைத்து உட்காரவைக்கும்.

அந்த ஊர்ப் பையன் பொகாரியின் அப்பா ஒருமுறை கிணற்றுத் தகராறில் அப்படி எழுந்து, மண்டை வீங்கி உட்கார்ந்து, முதல் ஆளாகத் தானே சிரித்துவிட்டார். தகராறு அன்றைக்கே தீர்ந்தது. அப்பா போய் எத்தனையோ வருடமாயிற்று. அந்தச் சிரிப்பு பொகாரிக்கு இன்றும் மறக்கவில்லை.

இன்னொன்றும் அவனுக்கு மறக்காது. வருடம் தவறாமல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி குதிரையில் வருவார். கொட்டகைக்குள் வரமாட்டார். வெளியே வெயிலில் நின்றபடி மொழிபெயர்ப்பாளனை விட்டுச் சொல்லவைப்பார்.

"அரசாங்கம் குனியாது. கூரையை உயர்த்துங்கள்."

"ஆகட்டும் துரை. அறுவடை முடியட்டும்," என்று உள்ளேயிருந்து பணிவாகப் பதில் வரும்.

அறுவடை முடியும். ஊரே புதுத் தட்டையை வெட்டிவந்து கூரைமேல் இன்னும் ஓர் அடுக்குப் போடும். பாரம் தாங்காமல் தூண்கள் விரற்கடை அளவு மண்ணில் இறங்கும். அடுத்த வருடம் துரை வருவார். அதே பேச்சு, அதே பதில். மூன்று துரைகள் மாறினார்கள், பதில் மாறவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு பெரியவர்கள் சிரிப்பை அடக்குவதை அப்பாவின் மடியிலிருந்து பார்ப்பதுதான் சின்னப் பொகாரிக்குத் திருவிழா.

பத்தொன்பது வயதில் பொகாரியைச் சாலை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூலி கிடையாது. நிமிர்ந்தால் கங்காணி பிடரியில் கோலை வைத்து அழுத்துவான். குனியக் குனியக் குட்டினார்கள். இந்த நாடு ஒருநாள் நம் கைக்கு வந்தால் இந்த முதுகு எதற்கும் வளையாது என்று அவன் அங்கேதான் சத்தியம் செய்தான்.

மூன்றாம் வருடம் சுற்றுவட்டாரத்து ஏழு ஊர் ஆட்களும் ஒரே நாளில் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். ஏழு ஊரும் கூடி அதை முடிவுசெய்தது இந்தக் கூரைக்கு அடியில்தான். பொகாரி வீடு திரும்பியது அப்படித்தான்.

பிறகு விடுதலை வந்தது. அந்த முதல் வருடத்தைப் போல இனி ஒரு வருடம் வருமா? கண்ட இடத்திலெல்லாம் ஆட்டம், பாட்டு. பொகாரி ஊர்க் கமிட்டித் தலைவனானான். ஆட்சிக்கு வந்த கட்சி, மண்டபம் கட்ட சிமெண்ட் தருவதாகச் சொன்னது. கொட்டகை இருக்கும் இடத்தில்தான் மண்டபம் என்று அவன் முடிவுசெய்துவிட்டான். ஊரைக் கேட்கவேண்டுமே என்ற நினைப்பு வந்தபோது சிமெண்ட் லாரி வர ஒரு நாள்தான் பாக்கி.

கடப்பாரையோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். ஊர் முழுக்க உள்ளே இருந்தது. நடுவில் அத்திமே. பொகாரிக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்த ஆசான். பெரிய வித்தை ஒன்றுமில்லை, அடுத்தவன் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். அதற்கே பொகாரிக்குப் பத்து வருடம் பிடித்தது.

"உள்ளே வா," என்றார் அத்திமே. தன் பக்கத்தில், பொகாரியின் அப்பா வழக்கமாக உட்காரும் இடத்தைக் கையால் தட்டிச் சுத்தம் செய்தார்.

பொகாரிக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் நின்றான்.

"மன்னிக்கணும் ஆசானே. சத்தியம் செய்திருக்கிறேன். இந்த முதுகு இனி எவனுக்கும் வளையாது."

"இங்கே எவன் இருக்கிறான்?"

பொகாரி பேச்சை மாற்றினான். மண்டபத்தைப் பற்றிச் சொன்னான். உயரமான சுவர், தகரக் கூரை, ஒரு மேடை. எல்லோரும் தலை நிமிர்ந்து நடந்து வரலாம், நின்று பேசலாம் என்றான். விடுதலை என்றால் அதுதானே என்று கேட்டான்.

"யார் நின்று பேசுவார்கள்?"

"பேசத் தெரிந்தவர்கள்."

"மற்றவர்கள்?"

"உட்கார்ந்து கேட்பார்கள்."

உள்ளே யாரோ மெல்ல இருமினார்கள். யார் என்று பொகாரிக்குத் தெரியவில்லை. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முழங்கால்களும் கைகளும்தான் தெரிந்தன, முகங்களைக் கூரை மறைத்தது. அத்தனையும் அவனோடு வளர்ந்த கைகள். எது யாருடைய கை என்று சட்டென்று சொல்ல வரவில்லை.

வெயில் பிடரியில் இறங்கியது. கடப்பாரைக்காரர்களில் இரண்டு பேர் ஓசைப்படாமல் கடப்பாரையைச் சாய்த்துவிட்டு, குனிந்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். பொகாரிக்குக் கோபம் வந்தது. அதைவிடத் தனிமையாக இருந்தது.

"நாளைக்கு லாரி வருகிறது. கட்சிக்கு நான் ஒரு பதில் சொல்லியாகவேண்டும்," என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "கூரையை எடுக்கலாமா, கூடாதா? முடிவாகச் சொல்லுங்கள்."

உள்ளே எல்லோரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

அத்திமே வெகு பணிவாகச் சொன்னார்:

"ஆகட்டும் துரை. அறுவடை முடியட்டும்."