முதல்வரின் மூக்குக்கண்ணாடி

விழா மேடையில் எங்கள் கல்லூரி முதல்வர் ஏகாம்பரநாதனைப் போல அசையாமல் அமர்ந்து சொற்பொழிவு கேட்பவர் எவரும் இல்லை. ஆனால் எந்தப் படத்திலும் அவர் கண்கள் தெரியா. மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் விளக்கொளிதான் தெரியும்.

பல்கலைக்கழகப் புகைப்படப் போட்டி அறிவிக்கப்பட்டதும், கல்லூரிக் கேமராவில் விழாக்களைப் படமெடுக்கும் ஆய்வக உதவியாளர் மரகதவல்லியை அழைத்தார்.

“நான் உன்னிப்பா கேக்கிற முகம் போட்டிக்குப் போகணும், மரகதம். கண்ணாடியைக் கழற்ற மாட்டேன். போஸ் கொடுக்க மாட்டேன். விளக்கையும் அணைக்கக் கூடாது. கண்ணாடி பளபளத்தா, கேமரா அறைச் சாவியை வச்சிட்டுப் போயிடு.”

அந்தக் கேமராதான் அவளுக்கு உயிர். “சரிங்க ஐயா” என்றாள்.

ஆண்டு விழாவன்று மேடைக்குப் பக்கவாட்டில் நின்று, லென்ஸின் முன்னால் ஒரு ஃபில்டரை மாட்டினாள். பளபளப்பு மறையும்வரை அதைத் திருகினாள். இரண்டு மணி நேரச் சொற்பொழிவில் முப்பது படங்கள் எடுத்தாள்.

மறுநாள் ஆசிரியர்கள் சூழ முதல்வர் படங்களைப் பார்த்தார். கண்ணாடியில் துளி ஒளியில்லை. அதற்குப் பின்னால், முப்பது படங்களிலும், இமைகள் இறுக மூடியிருந்தன.

“கண்ணு எங்கே?” என்று சீறினார்.

“பளபளப்பை எடுக்கத்தாங்க ஐயா ஃபில்டர் இருக்கு. இமையைத் திறக்கிற ஃபில்டர் இன்னும் கடைக்கு வரலை.”

ஆசிரியர்கள் முதல்வரின் முகத்தைப் பார்த்தனர். முதலில் சிரித்தவர் முதல்வர்தான். “சரி, இருக்கிறதிலேயே நிம்மதியா தூங்குற படமாப் பார்த்து அனுப்பு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்.”

முதல் பரிசு பெற்ற அந்தப் படம் இன்றும் அவர் அறையில் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு, வெயில் விழும் ஜன்னலுக்கு நேர் எதிரே அவரே மாட்டினார்.