கரடி நெஞ்சில் சுண்ணாம்புக் கோடு

அந்தக் காலத்தில் மனிதருக்கும் மிருகங்களுக்கும் ஒரே பேச்சு. கரடியின் உடம்பு அப்போது தலைமுதல் கால்வரை ஒரே கறுப்பு.

காட்டில் மரம் அளப்பது சடையன் என்ற கரடியின் உத்தியோகம். மரத்தடியில் வசதியாக உட்கார்ந்து தூரைக் கட்டிப்பிடிப்பான். "ரெண்டு பிடி இருக்கு. உத்திரத்துக்கு ஆகும், வெட்டுங்க" என்பான். வெட்டினால் பாதி மரங்கள் மேலே மெலிந்து போயிருக்கும், உத்திரம் தேறாது. உடனே அடுத்ததை வெட்டுவார்கள். யாரும் சடையனைக் குறை சொன்னதில்லை. வேறு விதமாக அளக்கத் தெரிந்தவர் யாரும் இல்லையே!

அப்புறம் நஞ்சன் வந்தான். காட்டைப் பார்த்துக்கொள்ள ஊரார் வைத்த ஆள். ஒல்லிக்குச்சி. கையில் நார்க்கயிறு, இடுப்பில் சுண்ணாம்புக் குடுவை. தூரை விட்டுவிட்டு நெஞ்சு உயரத்தில் கயிற்றைச் சுற்றினான். சுற்றிய கயிற்றை நாலாக மடித்தான். "அறுத்தா உத்திரத்தோட ஒரு பக்கம் இவ்வளவு வரும்" என்றான். அறுத்துப் பார்த்தார்கள், அப்படியே வந்தது. பருமன் போதாத மரங்களில் அதே உயரத்தில் பிறை போல ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்தான். இது வளரட்டும், கோடாலி படக்கூடாது என்று அதற்கு அர்த்தம். ஊரார் அதையே சட்டமாக வைத்துக்கொண்டார்கள்.

சடையனுக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்றுவரை வழிவிட்டு நின்ற மான்கள் இப்போது நஞ்சனுக்கு வழிவிட்டன. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வீட்டிலும் அதே பாட்டு.

"நஞ்சன் தம்பி கயிறு போட்டா பிசகுறதே இல்லைங்க. நம்ம தேன்மரத்துக்கும் கோடு போட்டுட்டாரு" என்றாள் மனைவி.

"உனக்கும் அவன் பெரிய ஆளாயிட்டானா?"

"நல்லதைச் சொன்னா ஏங்க குதிக்கிறீங்க?"

தேன்மரம் என்பது ஆற்றோரத்து வேங்கை. வருஷம் தவறாமல் அதில் தேனடை தொங்கும். அந்தக் குடும்பத்துக்கு அதுதான் சோறு.

மறுநாள் பாலத்துக்கு மரம் வெட்டப்போவதாக ஊரே பேசிக்கொண்டது. அன்று சாயங்காலமே நஞ்சன் கோடுகளுக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போனான். ஈரம் காயவில்லை. சடையன் எழுந்து நின்று ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடித்து, கோட்டை நெஞ்சாலேயே தேய்த்து அழித்தான். 'நாளைக்கு முழிக்கட்டும். என்னைத்தானே கூப்பிட்டாகணும்?' வேங்கையின் முன்னால் மட்டும் கொஞ்சம் தயங்கினான். இதை மட்டும் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். 'வந்து கேக்கும்போது வேண்டாம்னு சொல்லிக்கலாம்' என்று அதையும் தேய்த்துவிட்டான்.

காலையில் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. கோடு இல்லை என்றால் வெட்டலாம் என்பதுதான் நஞ்சன் சொன்ன கணக்கு. அந்தக் கணக்கின்மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை! சடையனின் ஞாபகமே யாருக்கும் வரவில்லை.

ஆற்றோரத்தில் கோடாலிச் சத்தம் கேட்டது. அலறிக்கொண்டு ஓடினான். வேங்கை விழுந்து கிடந்தது. வெட்டுவாயில் சிவப்பாகப் பால் வடிந்தது. நசுங்கிய தேனடைக்குப் பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"இது தேறாதே! நான் கோடு போட்டிருந்தேனே" என்று நஞ்சன் தலையில் கைவைத்தான்.

எல்லோரும் சடையனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று அவனும் குனிந்து பார்த்தான். கறுத்த நெஞ்சில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பிறை.

"நீங்களாங்க?" என்றாள் மனைவி.

வெட்டுக்காரன் தொட்டன் கோடாலியை ஓங்கினான். நஞ்சன் அவன் கையைப் பிடித்தான். கோபம் அவனுக்கும் இருந்ததுதான்.

"விடுங்கண்ணே. அந்தக் கோடு இருக்கிறதை வெட்டக்கூடாது. நம்ம சட்டம்."

ஆற்றில் எத்தனை முழுக்குப் போட்டும் அந்தக் கோடு போகவில்லை. மனிதனைக் கண்டதும் கரடி இரண்டு காலில் எழுந்து நெஞ்சைக் காட்டுகிறதே, அது அன்றைக்குத் தொடங்கியதுதான். கோட்டைப் பார், வெட்டாதே என்கிறது. உயிர் பிழைக்க இன்னும் நஞ்சன் போட்ட கோட்டைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது என்ற வயிற்றெரிச்சலில், காட்டும்போதே உறுமுகிறது.