யாரும் கை வைக்காத தண்ணீர்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஞானசிகாமணி என்றொரு பேராசிரியர். பி.எஸ்சி. பிள்ளைகளும் சேர்ந்து ஆராய்ச்சி செய்யட்டும் என்றுதான் அவருடைய கொசு ஆராய்ச்சிக்கு மானியம் வந்தது. மனுஷரோ பிள்ளைகளைக் குப்பி கழுவ மட்டுமே விட்டார். மைக்ரோஸ்கோப் அலமாரிச் சாவி அவர் சட்டைப்பையை விட்டு இறங்கவே இல்லை.

“நாங்க எப்ப சார் அதுல பாக்குறது?” என்று இரண்டாம் வருஷத்துப் பேச்சிக்கனி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

அவர் காலைச் சொறிந்துகொண்டே சிரித்தார். “இந்தக் கோடையில நானே ஊரெல்லாம் தேடியும் ஒரு கொசுப்புழு கிடைக்கல. நாளைக்கு மானியம் குடுத்தவங்க வர்றதுக்குள்ள நீ கொண்டா தாயி, சாவி உனக்கு. இல்லைன்னா பேசாம குப்பி கழுவு. யாரும் கை வைக்காத தண்ணியிலதான் அது இருக்கும், தெரியும்ல?”

“தெரியும் சார். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”

மறுநாள் வந்த அதிகாரியம்மா, “பிள்ளைங்க என்ன கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்டார். பேராசிரியர் தொண்டையைச் செருமுவதற்குள் பேச்சிக்கனி ஒரு குப்பியை முன்னால் வைத்தாள். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

“எங்கம்மா பிடிச்ச?”

“சார் மேசையில மணி பிளான்ட் வச்சிருக்கிற பாட்டில்ல, மேடம். இந்தக் காலேஜ்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சார் சொன்ன தண்ணி அது ஒண்ணுதான்.”

“அப்ப நீ எப்படி வச்ச?” என்றார் பேராசிரியர்.

“கை வைக்கல சார். இங்க் ஃபில்லர்ல உறிஞ்சினேன்.”

அதிகாரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பேராசிரியர் குனிந்து தம் காலைப் பார்த்தார். “அதான் இந்தக் கடி கடிச்சுதா?” என்று சொல்லிச் சாவியை அவள் கையில் வைத்தார்.

அவள் மைக்ரோஸ்கோப்பில் ஆசைதீரப் பார்த்து முடிக்கிறவரை, பக்கத்துத் தொட்டியருகே நின்று அந்தப் பாட்டிலை அவரே கழுவினார்.