மடைப்பள்ளிக்கு வெளியே

அமைச்சர் ஆராவமுதன் பல வருடங்களுக்குப் பிறகு, தான் படித்த மடத்துக்கு வந்தார். தூறலில், மகிழமரத்தடியில், தலைக்கு மேல் வாழையிலையைப் பிடித்தபடி குரு உட்கார்ந்திருந்தார்.

“உள்ளே போகலாமே, சுவாமி.”

“இன்றைக்குப் பௌர்ணமி. சீடர்கள் கூடியிருக்கிறார்கள். மறந்துவிட்டதா, அமுதா?”

மறக்குமா? பௌர்ணமி மாலைகளில் மடைப்பள்ளி சீடர்களுடையது. குருவுக்கு அங்கே இடமில்லை. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, பனங்கிழங்கு சுட்டுத் தின்றபடி, எதையும் பேசலாம், யாரையும் பேசலாம். குருவின் குறட்டையைக் குருவைவிட நன்றாக விடுவான் என்று அமுதனுக்குப் பேர்.

“வெள்ளத்தில் ஓடம் தள்ளமாட்டோம் என்று ஓடக்காரர் சங்கம் கூடி முடிவெடுத்துவிட்டது. இனி அதிகாரி இல்லாமல் அவர்கள் கூடக்கூடாது என்கிறார் மன்னர். நாளை அந்த ஆணையில் நான் முத்திரை வைக்கவேண்டும். உங்கள் ஆசி வேண்டும்.”

“அதிகாரி அங்கே என்ன செய்வார்?”

“சும்மா உட்கார்ந்திருப்பார். வாயே திறக்கமாட்டார்.”

உள்ளே யாரோ குறட்டை விட்டார்கள். ஒரே சிரிப்பு.

“என் அளவுக்கு வராது,” என்றார் அமைச்சர். முகம் மலர்ந்திருந்தது. “ஒரு நிமிடம் போய் வரட்டுமா? பழைய சீடன்தானே.”

“போய் வா.”

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். குறட்டை பாதியில் நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். ஒருவன் மணை போட்டான்.

“நீங்கள் பேசுங்கள். நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.”

“இந்த வருடம் மழை பரவாயில்லை, ஐயா,” என்றான் ஒருவன்.

அடுப்பில் கிழங்கு கருகியது. யாரும் புரட்டவில்லை.

அமைச்சர் திரும்பி வந்தார். குரு நகர்ந்து, இலையில் பாதியை அவர் பக்கம் சாய்த்தார். சற்றுக் கழித்து உள்ளே பேச்சு துளிர்த்தது.

“மடத்தின் தலைவர் நீங்கள். வழக்கத்தை மாற்றினால் யார் கேட்கப்போகிறார்கள்?”

“குறுக்கே வரமாட்டேன் என்று சொல் கொடுத்த பிறகுதான் என்னைப் பீடத்தில் உட்காரவைத்தார்கள். உங்கள் மன்னரும் பட்டமேற்ற அன்று ஆற்றுநீரைத் தொட்டு ஏதோ சொன்னாராமே.”

“குடிகள் கூடுவதைத் தடுக்கமாட்டேன் என்றார்.” அமைச்சரின் குரல் இறங்கியது. “நான்தான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தேன்.”

உள்ளே மறுபடி குறட்டை.

“என்ன பேசுகிறார்கள் என்று கேட்க உங்களுக்கு ஆசையே இல்லையா?”

“நிறைய இருக்கிறது. அதனால்தான் வெளியே இருக்கிறேன்.”

“மன்னரிடம் நான் என்ன சொல்வது, சுவாமி?”

“ஓடத்துறையில் மரம் உண்டா?”

“உண்டு. பெரிய மருதமரம்.”

“போகும்போது கொல்லையில் நல்ல வாழையிலையாக ஒன்று அறுத்துக்கொண்டு போ. மன்னருக்கு.”