முனகல் பானை

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, குதிரைக்குக் கொம்பு முளைத்திருக்கிறது என்று ராஜா சொன்னால், "நேற்றே பார்த்தோம் பிரபு" என்று சபையே தலையாட்டுகிற நாடு ஒன்று இருந்தது. மருதங்கானம் என்று பேர். கனகவழுதி ராஜா அதை ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் புத்தி காலையில் ஒரு பக்கம் போகும், சாயங்காலம் வேறு பக்கம் போகும்.

ஊர் ஜனங்களுக்காக அவர் இரண்டு தர்ம வைத்தியசாலைகள் கட்டி வைத்திருந்தார். கிழக்கு வாசலில் இருந்ததைத் தாண்டவராயர் என்ற பிரதானி நிர்வாகம் பண்ணினார். தெற்கு வாசலில் இருந்ததை வடிவாயி என்கிற மருத்துவச்சி பார்த்துக்கொண்டாள். அவளை அங்கே வைத்தது மந்திரி சேந்தனார். தாண்டவராயருக்கு மந்திரியைக் கண்டால் ஆகாது, அதனால் அவளையும் ஆகாது.

ஒரு நாள் ராஜாவுக்குத் திடீரென்று ஆராய்ச்சி வெறி பிடித்தது.

"இரண்டில் எது உருப்படி என்று பார்த்துவிட வேண்டும். உதவாததை இடித்துவிட்டு, அந்த இடத்தில் பட்டத்து யானைக்கு ஊஞ்சல் கட்டுவோம்!"

"யானை ஊஞ்சல் கேட்டதா, மகாராஜா?" என்றார் சேந்தனார்.

"கேட்ட பிறகு கொடுத்தால் அது கடை. கேட்காமல் கொடுப்பவன்தான் ராஜா!"

தாண்டவராயர் நைசாக முன்னே வந்தார். "பிரபு, நோயாளிகளின் முனகலைப் பானையில் பிடித்து, வாயைத் துணியால் கட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். முனகல் எங்கே அதிகமோ அங்கே வைத்தியம் மட்டம்."

"பலே!" என்று தொடையைத் தட்டினார் ராஜா.

இரண்டு சேவகர்கள் பானையும் கையுமாகப் போய்த் திரும்பினார்கள். "கிழக்கே எல்லாரும் பாடிக்கிட்டு இருக்காங்க மகாராஜா. தெற்கே போனா ஒரே முனகல், இருமல், அழுகை" என்றார்கள்.

ராஜா கிழக்குப் பானையில் காதை வைத்தார். "ஆகா, என்ன கானம்!" தெற்குப் பானையில் வைத்தார். "ஐயையோ, என்ன ஓலம்!" காலிப் பானையில் காதை வைத்தால் 'ஹோ' என்றுதான் கேட்கும், அது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சபையில் பால் குடிக்கிற பிள்ளை யாரும் இல்லையே! எல்லாரும் வரிசையாக வந்து காதை வைத்து, கிழக்குக்குச் சிரித்து, தெற்குக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நாளைக் காலையில் தெற்கு வாசலை இடியுங்கள்!" என்று தீர்ப்பாகிவிட்டது.

சேந்தனார் நேரே தெற்கு வாசலுக்குப் போனார். உப்பு விற்கிற சின்னி, காய்ச்சலில் கொதிக்கிற கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல கிழக்கு வாசலுக்குத்தான் போனேன் சாமி. ராஜா புகழை ஒரே மூச்சில பாடினாத்தான் உள்ளே விடுவாங்களாம். எனக்கு இருமல் வந்துடுச்சு, தொரத்திட்டாங்க."

வடிவாயி கஷாயச் சட்டியை இறக்கி வைத்தாள். "இங்க கிடக்கிறவங்க முக்காவாசிப் பேரு அங்க பாட முடியாம வந்தவங்கதான் ஐயா. நாளைக்கு இதுங்களை நான் எந்தத் தெருவுல கொண்டு போய்ப் படுக்க வைப்பேன்?"

சேந்தனார் அப்போதே அரண்மனைக்கு ஓடியிருப்பார். ஆனால் ராஜாவிடம் நேராகச் சொன்னால் தலைகீழாகத்தான் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். இருபது வருஷ அனுபவம்.

மறுநாள் காலையில் ஒரு கிண்ணம் பொரிமாவோடு அரண்மனைக்குப் போனார். "இடிக்கப் போகுமுன் ஒரு வாய் சாப்பிடுங்கள் மகாராஜா. ஊஞ்சலுக்கு எத்தனை சங்கிலி போடலாம்?"

ராஜாவுக்குச் சாப்பிடும்போது பேசாவிட்டால் சோறு இறங்காது. வாய் நிறைய வறட்டு மாவை வைத்துக்கொண்டு சங்கிலியைப் பற்றி ஆரம்பித்தார். "தங்கச் சங்... ஹிக்!"

அவ்வளவுதான். தண்ணீர் குடித்தார், மூச்சைப் பிடித்தார், அண்ணாந்து பார்த்தார். விக்கல் நிற்கவில்லை. கிரீடம் ஒவ்வொரு விக்கலுக்கும் எழும்பி எழும்பி உட்கார்ந்தது.

"கவலை எதற்கு? முனகலே இல்லாத வைத்தியசாலை கிழக்கே இருக்கிறதே!" என்றார் சேந்தனார்.

தாண்டவராயர் முகம் சுண்டிப் போயிற்று. "நான் முன்னே ஓடி ஏற்பாடு..."

"நீர் ஓடினால் ராஜாவுக்குக் குடை யார் பிடிப்பது?" என்று அவர் கையில் குடையைத் திணித்தார் மந்திரி.

கிழக்கு வாசல் காவல்காரன் ராஜாவைக் கண்டதும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து, வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "மன்னிக்கணும் மகாராஜா. ராஜாவே வந்தாலும் பாடாம விடாதேன்னு பிரதானி உத்தரவு."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. தன் புகழ்தானே! மார்பை நிமிர்த்தினார். "எட்டுத் திக்கும் வென்ற... ஹிக்! எங்கள் கனக... ஹிக்! வழு... ஹிக்!"

காவல்காரன் கையைப் பிசைந்தான். "ஐயோ, மகாராஜாவுக்கு ஒடம்பு சரியில்லை போலிருக்கே. ஒடம்பு சரியில்லாதவங்களை உள்ளே விடக்கூடாதுங்க. தெற்கு வாசலுக்குப் போங்க, எல்லாரும் அங்கதான் போறாங்க."

ராஜா திரும்பித் தாண்டவராயரைப் பார்த்தார். குடை ஆடியது, அதைப் பிடித்த ஆளும் ஆடினார்.

தெற்கு வாசலில் யாரும் பாடச் சொல்லவில்லை. ராஜா வாய் திறக்குமுன் வடிவாயி கொஞ்சம் சர்க்கரையை அவர் நாக்கில் போட்டாள். "பேசாம சப்புங்க" என்றாள். பிறந்ததிலிருந்து யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. வாயை மூடியதும் விக்கல் நின்றது, காதும் திறந்தது. சுற்றிலும் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிழக்கு வாசல் கதையைச் சொன்னார்கள். சின்னியின் குழந்தை, காய்ச்சல் தணிந்து, அவர் முத்துமாலையைப் பிடித்து இழுத்தது.

"தாண்டவராயரே, இங்கே பிடித்த முனகல் எல்லாம் நீர் துரத்திவிட்ட முனகல். அதை வைத்து இந்த இடத்தை இடிக்கப் பார்த்தேனே!" என்று ராஜா வெட்கப்பட்டுப் போனார்.

கிழக்கு வைத்தியசாலையும் அன்றே வடிவாயி கைக்கு வந்தது. சேந்தனாருக்கு முத்துமாலை கிடைத்தது, குழந்தை கையை விடுவித்த பிறகு. ஆனால் ஊஞ்சல் ஆசை மட்டும் ராஜாவை விடவில்லை. அதைத் தாண்டவராயர் வீட்டுத் தோட்டத்தில் கட்டி, யானையை ஏற்றி ஆட்டிவிட வேண்டியது அவர் வேலை என்று உத்தரவு போட்டார்.

முதல் நாளே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து தெற்கு வாசலில் இறக்கினார்கள். தாண்டவராயர் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எட்டுத் திக்கும் வென்ற..." என்று முனகலோடு பாட ஆரம்பித்தார்.

வடிவாயி குனிந்து அவர் முதுகில் கையை வைத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். எங்கய்யா வலிக்குது?"