மூன்று நாள் மாத்திரை

நாமக்கல் பக்கத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கென்று ஒரு பயிற்சி விடுதி இருந்தது. அங்கே பிளஸ் டூ ஆங்கிலத்தில் வாசிப்புப் பகுதிக்குப் பாடம் எடுத்தவள் செண்பகவல்லி. பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பது அவள் வேலை. மரியாதையில் அவள்தான் கடைசி ஆள்.

அவளிடம் படித்த மதிவதனி வியாழக்கிழமை காய்ச்சலில் இறந்துபோனாள். இன்ஸ்பெக்டர் வந்தார். லாரி ஓட்டும் அப்பா பொன்னுரங்கமும் வந்தார். தாளாளர் கனகசபாபதி, செண்பகவல்லியை வராந்தாவில் நிறுத்தி, போலீசுக்குக் கொடுக்க எழுதிய ஒரு தாளை நீட்டினார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடுங்க டீச்சர். இல்லைன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

அவள் வாசித்துப் பார்த்தாள். "போடறேன் சார். பெத்தவர் முன்னாடி நீங்களே ஒரு தடவை படிச்சிடுங்க. உங்க வாயால கேட்டாத்தான் அவருக்கு மனசு ஆறும்."

மேடைப் பேச்சில் ஆசையுள்ள மனிதர். இன்ஸ்பெக்டரும் பொன்னுரங்கமும் இருந்த அறைக்குள் போய்க் கணீரென்று படித்தார்: "மாணவி தன் உடல்நிலை பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஆயினும் திங்கள் முதல் மூன்று நாளும் காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தோம்."

"ஒரே ஒரு கேள்வி சார்," என்றாள் செண்பகவல்லி. "யாருகிட்டயும் சொல்லாத பொண்ணுக்குத் திங்கக்கிழமையே எதுக்கு மாத்திரை குடுத்தீங்க?"

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே வீட்டுக்குப் போகணும்னு லீவு கேட்டா. இவர் விடலை," என்றாள் அவள்.

பொன்னுரங்கம் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார்.

"திங்கக்கிழமையா? அன்னிக்கு லோடு ஏத்திக்கிட்டு இந்த வாசல் வழியாத்தாம்மா போனேன்."