கரடிக்கு ஒரு பாராட்டு விழா

குளத்தங்கரைக் காட்டில் குட்டிகளைப் பார்த்துக்கொள்வது மருதாயி என்ற கரடியின் வேலை. காலையில் எல்லோரும் தங்கள் குட்டிகளைப் பாறையடியில் விட்டுவிட்டு இரை தேடப் போய்விடுவார்கள். மான்குட்டி, முயல்குட்டி, மயில்குஞ்சு எல்லாம் அவள் முதுகில் ஏறிக் குதிக்கும். சிறுத்தையின் வாடை எது, விஷச்செடி எது, செந்நாய் வந்தால் எப்படி ஒளிவது, எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

ஊர்க் குட்டிகளை வளர்த்த மருதாயியின் வயிறு மட்டும் காய்ந்தது. நாள் முழுக்கக் குட்டிகளோடு இருந்தால் கறையான் புற்றைத் தோண்டுவது எப்போது? தாங்கள் தின்று மிஞ்சியதை அவளுக்குக் கொடுப்பது அந்தக் காட்டு வழக்கம். மான் புல் கொடுத்தது. முயல் அதைவிடச் சின்னப் புல்லாகப் பார்த்துக் கொடுத்தது. புல்லை வைத்துக்கொண்டு கரடி என்ன செய்யும்?

ஒருநாள் அவள் சொல்லியே விட்டாள். "வர்ற பௌர்ணமியோட நான் கிளம்புறேன். மலைக்கு அந்தப் பக்கம் தேன்கூட்டுக்குக் காவல் வேலை இருக்கு. வயிறாரச் சாப்பாடு!"

புள்ளிமான் சிங்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குட்டி சிட்டு பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு மேயப் போனால் சிறுத்தைக்குத்தான் விருந்து. மேயாமல் இருந்தால் பால் வற்றிவிடும்.

"அக்கா, நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று அழுதாள்.

கோடைக்கு வடக்கே கிளம்பிக்கொண்டிருந்த யானைக் கூட்டத்தின் தலைவி இதைக் கேட்டாள். நல்ல மனசுக்காரி.

"ஓடைக்கரைப் பலாத்தோப்பை இந்த வருஷம் நாங்க தொடமாட்டோம். அத்தனை பழமும் மருதாயியை இங்கேயே தங்க வைக்கத்தான். வேற எதுக்கும் இல்ல!" என்றாள். தோப்பைக் காட்டுச் சபையிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போனாள். பாவம், சபையைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

சபைத் தலைவர் தோகையப்பர் என்ற மயில். அவர் தோகையை ஒருமுறை விரித்து மூடிவிட்டுப் பேச ஆரம்பித்தார். "மருதாயி ஏன் போகிறாள்? அவளை யாரும் மதிக்கவில்லை! மதித்தால் மனசு குளிரும். ஒரு பாராட்டு விழா எடுப்போம்!"

"அவளையே ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றது முள்ளம்பன்றி.

"சேச்சே! கேட்டுவிட்டா விழா எடுப்பார்கள்?" என்றார் தோகையப்பர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் அழைப்பு போனது. குரங்குகள் குடும்பத்தோடு வந்தன. காட்டுப்பன்றிகள் அழைக்காமலே வந்தன. வந்தவர்களுக்கு விருந்து வைக்க வேண்டாமா? தோப்பில் பாதிப் பழம் அன்றைக்கே காலி!

மருதாயிக்குக் கொடியில் பின்னிய பொன்னாடை போர்த்தினார்கள். இலுப்பைப்பூ மாலை போட்டார்கள். 'குட்டிகளின் குலவிளக்கு' என்று பட்டமும் கொடுத்தார்கள். தோகையப்பர் பேசினார், பேசினார், சூரியன் உச்சிக்கு வரும்வரை பேசினார். பலாப்பழ வாசனை மூக்கைத் துளைத்தது. மருதாயியால் பசி தாங்க முடியவில்லை. மேடையிலேயே மாலையைத் தின்றுவிட்டாள்.

குட்டிகள் குதித்துக் கும்மாளமிட்டன. தோகையப்பர் முகம் சுளித்தார்.

"பட்டத்துக்கு நன்றிங்க. நாளைக்குக் கிளம்புறேன்," என்றாள் மருதாயி.

சொன்னபடியே கிளம்பினாள். சிட்டு ஓடைவரை அவள் பின்னாலேயே போனான். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் இடத்துக்கு மைனா வந்தது. மூன்றே நாள், காது வலிக்கிறது என்று பறந்துவிட்டது. பிறகு கீரி வந்தது. அன்றைக்குத் தோகையப்பரே தன் குஞ்சுகளை அனுப்பவில்லை! கடைசியில் முள்ளம்பன்றி ஒப்புக்கொண்டது.

அது வேலைக்கு வந்த இரண்டாம் நாள் காலையிலேயே செந்நாய்கள் வந்துவிட்டன. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. செந்நாய்கள் மிரண்டு திரும்பின. எண்ணிப் பார்த்தால் சிட்டைக் காணோம்!

சிங்காரி ஓடிவந்து தொண்டை வறளக் கூப்பிட்டாள். சபையே சேர்ந்து கத்தியது. பதில் இல்லை. செந்நாய் கொண்டுபோய்விட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

அப்போது ஒரு முயல்குட்டி சொன்னது: "அவன் ஒளிஞ்சிருப்பான். யார் கூப்பிட்டாலும் வரமாட்டான். நரி உங்க அம்மா குரல்லகூடக் கூப்பிடும், நான் கூப்பிட்டாத்தான் வரணும்னு கரடியக்கா சொல்லியிருக்காங்க!"

சிங்காரி நான்குகால் பாய்ச்சலில் மலையைத் தாண்டினாள். விஷயம் கேட்டதும் மருதாயி தேன்கூட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். பொழுது சாய்வதற்குள் பாறையடிக்கு வந்து, மூச்சு வாங்க நின்று, "சிட்டு! போதும்டா, வா!" என்றாள்.

பக்கத்துப் புதர் அசைந்தது. சிட்டு வெளியே வந்தான். நேரே அம்மாவிடம் ஓடிப் பால் குடித்தான். சிங்காரி அவனை நக்கி நக்கி அழுதாள். முள்ளம்பன்றிக்கும் கண் கலங்கியது.

தோகையப்பர் தொண்டையைச் செருமினார். "மருதாயி திரும்பி வந்ததற்கு ஒரு வரவேற்பு விழா..."

"உட்காருங்க ஐயா!" என்று காடே ஒரே குரலில் கத்தியது.

"நீயே சொல்லு மருதாயி. என்ன கிடைச்சா இங்கேயே இருப்பே?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"தினம் ஒரு பலாப்பழம். மத்தியானம் நான் புற்று தோண்டுற நேரத்துக்குக் குட்டிகளைப் பார்த்துக்க ஒரு ஆள். அவ்வளவுதான்!"

"இவ்வளவுதானா!" என்றது சபை.

"இதைத்தானே யாரும் கேட்கல!" என்றாள் மருதாயி.

தோப்பில் மீதியிருந்த பழம் யானைகள் திரும்பும்வரை போதுமானதாக இருந்தது. மத்தியான ஆளாகத் தோகையப்பரையே போட்டார்கள். முதல் நாளே குட்டிகள் அவர் தோகையில் ஏழு இறகைப் பிடுங்கின. "அப்பப்பா, இதைப் பட்டினியாகவா செய்தாள்!" என்று அவர் மனசாரச் சொன்னார். அன்றுமுதல் மருதாயியின் பங்குப் பழத்தை அவரே காவல் காத்தார்.

பிள்ளைகளை வளர்ப்பவரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால், மாலை போடுவதற்கு முன் அவர் தேவையைக் கேட்டு வயிறாரச் சோறு போட வேண்டும்.